மலைமேற் பள்ளியும் விஞ்ஞானப் பாடமும்

சொல் முந்தியதோ, பொருள் முந்தியதோ என்னும் வினா தமிழ் பயிலும் நம்மனோர்க்குப் புதியதன்று. குறிஞ்சி என்னுஞ் சொல்லை நாம் பள்ளிப் பருவத்திலேயே நெட்டுருச் செய்தோம். அத்திணையின் முதல், கரு, உரி ஆகிய மூன்றனையும் பிழையின்றி ஒப்பித்து மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயின், அப்பூவை நேரிற் கண்டோர் நம்முள் எத்துணையர்? பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல் மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. இனி 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகின்றது. இலக்கியத்திலாவது காணாத பொருளுக்குக் கற்பனை ஒருவாறு துணை நிற்கும். விஞ்ஞானத்திலோ, பொருளைத் தொடாது சொல்லை மட்டும் பெற்ற மாணாக்கன் வெறுங்கையனாகவே நிற்பான். ஆதலின், நடுநிலை, உயர்நிலை வகுப்புக்களில் விஞ்ஞானத்தைக் கைத்தொழில்போற் செய்து கற்பிக்குமாறு யாது என்பதனை, கொடைக்கானல் மலையையே பரிசோதனைச் சாலையாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

பள்ளிகள் பலவற்றில் இன்று நிகழ்வது யாது? ஆசிரியர் முதலிற் சொல்லைக் கூறுகின்றார். பின்னர் அதன் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுகின்றார். நேரம் எஞ்சுமாயின் தாமே ஒரு பரிசோதனையைச் செய்து காட்டுகின்றார். மாணாக்கர் தூரத்திலிருந்து பார்க்கின்றனர். நாம் பயின்ற பள்ளியொன்றில் கருவிகள் அனைத்தும் கண்ணாடி அலமாரியிற் பத்திரமாய்ப் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் பெயர்களை அறிவோமன்றி எடையை அறியோம். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றுதலே வேண்டுவது. முதலிற் செய்கை, அடுத்து அளவு, அதன்பின் வினா, இறுதியிலேயே சொல்.

முதற் பாடமாக வெந்நீரை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “உங்கள் வீட்டிற் பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது?” என்று கேட்டுவரச் சொல்லலாம். கீழே மதுரையிலுள்ள உறவினரிடமும் அதனையே கேட்பிக்கலாம். மூடியிட்டு அழுத்தத்திற் சமைக்கும் குக்கர் இன்றேல் மலையில் நேரம் மிகுதியாகும் என்பது அன்னையர் எல்லாரும் அறிந்ததே. பின்னர் வகுப்பில் நீரைக் கொதிக்க வைத்து, வெப்பமானியைப் பிள்ளைகளே பார்த்து எழுதட்டும். அது 100 பாகையை எட்டாது. 93 பாகை அளவில் நின்றுவிடும். “தீயைப் பெருக்குங்கள்” என்பர் பிள்ளைகள். பெருக்கினும் நீர் விரைந்து ஆவியாகுமேயன்றி, வெப்பமானி ஏறாது. இவ்வியப்பு உண்டான பின்னரே ‘கொதிநிலை’ என்னுஞ் சொல்லைக் கொடுத்தல் வேண்டும். புத்தகத்தில் 100 என்றும், தம் கையில் 93 என்றும் இருத்தலைக் கண்ட பிள்ளை, ஏன் என்று கேளாதிருக்குமோ?

அவ்வினாவுக்கு விடை காற்றின் அழுத்தத்தில் உள்ளது. அதனைக் காட்ட விலையுயர்ந்த கருவி வேண்டுவதின்று. வெறும் பிளாஸ்டிக் புட்டியொன்றை மலையுச்சியில் இறுக மூடி, பேருந்தில் வத்தலக்குண்டுக்குக் கொண்டு சென்றாற் போதும். புட்டி தானே நசுங்கி ஒடுங்கும். கீழிருந்து மேலே வரும் முறுக்குப் பொட்டலமோ உப்பிப் பருக்கும். கடல்மட்டத்தில் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் காற்று, கொடைக்கானலில் ஏறத்தாழ 59 சென்டிமீட்டரையே தாங்கும். மேலே அடைத்த காற்றைக் கீழுள்ள மிகுந்த காற்று நெருக்குகின்றது. மேலே நீரை அழுத்தும் காற்றுக் குறைவாதலின், நீரும் எளிதிற் கொதித்து ஆவியாகின்றது. புட்டியும் பருப்பும் இங்ஙனம் ஒரே விதியின் இரண்டு முகங்களாகப் பிள்ளைகட்கு விளங்கும்.

இனி நிழற்பாடம். சமதரையில் ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நட்டு, முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 1 மணி வரை பத்து நிமிடத்திற்கொருமுறை நிழலின் நுனியைப் புள்ளியிடுக. மிகக் குறுகிய நிழல் 12 மணிக்கு விழும் என்றே அனைவரும் எண்ணுவர், அது 12.20 மணியை ஒட்டி, பருவத்திற்கேற்பச் சில நிமிடம் முன்பின்னாக விழும். இந்திய நேரம் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கொடைக்கானலோ அதற்கு மேற்கே ஏறத்தாழ 5 பாகை தள்ளியுள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். மேலும், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டுக் கடைசி வாரத்திலும் நண்பகலில் அங்குக் குச்சிக்கு நிழலே இராது. அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே சாயும். ஏனைய காலத்தில் வடக்கே சாயும். ஆண்டு முழுதும் வாரம் ஒருமுறை இதனைக் குறித்துவரும் வகுப்புக்குப் பூமியின் சாய்வைப் பற்றி வேறு விரிவுரை வேண்டாம்.

உயர்நிலை வகுப்பினர்க்கு இதனினும் பெரியதோர் அளவையைக் கொடுக்கலாம். சிறிய முகக்கண்ணாடியை, 5 மில்லிமீட்டர்த் துளையிட்ட அட்டையால் மூடி வெயிலில் நிறுத்தி, அதன் ஒளியை இருண்ட அறையின் எதிர்ச்சுவரில் விழச் செய்க. விழும் வட்டம் துளையின் வடிவன்று, சூரியனின் பிம்பமே. கண்ணாடியிலிருந்து சுவர் 1,080 சென்டிமீட்டர் எனின், வட்டத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தூரம் குறுக்களவைப்போல் 108 மடங்கு. சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளமையின், வடிவொத்த முக்கோண விதிப்படி அதன் குறுக்களவு ஏறத்தாழ 13.9 இலட்சம் கிலோமீட்டர். வட்டத்தின் ஓரம் மங்கலாதலின் ஒருவன் 100 என்பான், மற்றொருத்தி 115 என்பாள். அவ்வேறுபாட்டை அழித்துத் திருத்தாது, யாவற்றையும் எழுதிச் சராசரி காண்பதே விஞ்ஞானம். சூரியனையோ கண்ணாடியின் ஒளியையோ கண்ணால் நேரே பாராதிருக்கும்படி முதலிலேயே கண்டிப்பாக எச்சரித்தல் ஆசிரியர் கடமை.

இப்பாடம் முடிந்தபின் மாணாக்கரை 1899இல் நிறுவப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்திற்கு அழைத்துச் செல்க. அங்கே கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் வெயிலை இறக்கி, 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துட் செலுத்துகின்றன. 36 மீட்டர் குவியத் தூரமுடைய வில்லை, 34 சென்டிமீட்டர்க் குறுக்களவுள்ள சூரிய பிம்பத்தைத் தருகின்றது. வகுத்துப் பார்க்கும் மாணாக்கனுக்கு 106 கிடைக்கும். தன் அட்டைத் துளையில் வந்த எண்ணும் ஏறக்குறைய அதுவே! அந்நொடியில் பெரியோர் கருவிக்கும் தன் கருவிக்கும் இடையே இருந்த மதில் இடிந்து விழுகின்றது. அந்நிலையத்திலேயே எவர்ஷெட் என்பார், சூரியப் புள்ளிகளின் நடுவினின்று வாயு வெளிநோக்கிப் பாய்தலை 1909இற் கண்டறிந்தார். 1904 முதற்கொண்டு எடுக்கப்பெற்ற சூரியப் படங்களும் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் சலியாது பார்த்தலும் எழுதிவைத்தலுமே அவ்விடத்தின் பெருஞ்செல்வம்.

“இவையெல்லாம் நன்றே, பாடத்திட்டம் முடிய வேண்டாமோ? தேர்வு வருகின்றதே!” என்பார் உளர். அவ்வச்சம் பொய்யன்று. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், செய்து கற்கும் விஞ்ஞானத் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. கிராமத்துப் பிள்ளைகள் எளிய கருவிகளைக்கொண்டு தாமே பரிசோதித்தனர். தேர்வையும் அதற்கேற்ப மாற்றினர்; புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 1978இல் ஜில்லா முழுவதும் பரவிய அத்திட்டத்தை 2002இல் அரசாங்கம் நிறுத்திவிட்டது. எளிய பள்ளியிலும் இது இயலும் என்பது முதற் படிப்பினை. தேர்வு மாறாதவிடத்துப் பாடம் மாறாது என்பதும், முப்பதாண்டு வளர்ந்த மரமும் ஓர் ஆணையால் வீழக்கூடும் என்பதும் ஏனைய படிப்பினைகள்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். சிலர் சிற்றூர்ப் பள்ளிகளில் தனியொருவராய் நிற்போம். திட்டங்களும் ஆணைகளும் நம் கையில் இல்லாதிருக்கலாம். ஒரு குச்சியும், ஒரு புட்டியும், துளையிட்ட ஓர் அட்டையும் நம் கையில் உள்ளனவன்றோ? வாரத்தில் ஒரு மணி நேரமேனும் பிள்ளைகளின் கைக்கு விஞ்ஞானத்தைக் கொடுப்போமாக. தமிழில் விஞ்ஞானம் வளரவில்லையே என வருந்தும் நாம், கலைச்சொற்களை ஆக்குவதோடு அமைதல் ஆகாது. 93 பாகையில் நின்ற நீரைத் தன் கண்ணாற் கண்ட சிறுமியின் வாயிற் பிறக்கும்பொழுதே ‘கொதிநிலை’ என்பது தமிழ்ச் சொல்லாகின்றது.