பாதம் சில்லென்று இருக்கிறதா?

அந்த வீட்டில் அது முதல் குழந்தை. பெண் குழந்தை. பிறந்த எடை 1 கிலோ 900 கிராம். மூன்றாம் நாள் காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது.

வந்ததும் பாட்டி குழந்தையைக் குளிப்பாட்டினார். அது பனிக்காலம். குளித்த குழந்தை தூங்கியது. தூங்கிக்கொண்டே இருந்தது. பாலுக்கு அழவில்லை.

“அழவே இல்லை பார். எவ்வளவு சமத்து!” என்றார் பாட்டி. தாய்க்கும் பெருமையாக இருந்தது.

மதியம் ஆஷா அக்கா வந்தார். சோப்பு போட்டுக் கை கழுவினார். புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொட்டார். பிறகு பாதத்தைத் தொட்டார். வயிறு சூடாக இருந்தது. பாதம் சில்லென்று இருந்தது.

“இது சமத்து இல்லை, பெரியம்மா. குழந்தைக்குக் குளிருது.”

“வெந்நீரில்தானே குளிப்பாட்டினேன்?”

“வெந்நீர்தான். ஆனால் ஈர உடம்பில் காற்றுப் பட்டால் சூடு போய்விடும். அதுவும் இது எடை குறைந்த குழந்தை.”

அம்மா வயிற்றுக்குள் குழந்தை வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வந்ததும் குளிர். நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். அதனால் சூடு வரும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. குளிர்ந்தால் சோர்ந்து போகும். சோர்ந்தால் பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் இன்னும் குளிரும். சத்தமே இல்லாமல் ஆபத்து வந்துவிடும்.

ஆஷா அக்கா தகப்பனைக் கூப்பிட்டார். “தம்பி, சட்டையைக் கழற்றிட்டு உட்காருங்க” என்றார். அவர் கூச்சப்பட்டார். தூக்கவே பயமாக இருக்கிறது என்றார். முதல் குழந்தை அல்லவா?

குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டார்கள். இடுப்பில் துணி கட்டினார்கள். வேறு உடை இல்லை. தகப்பனின் நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்திப் படுக்க வைத்தார்கள். மூக்கு மூடிவிடாமல் தலையை ஒரு பக்கம் திருப்பினார்கள். மேலே போர்வையைச் சுற்றினார்கள். ஒரு மணி நேரம் போனது. பாதம் சூடானது. குழந்தை வீறிட்டு அழுதது! தாய் பால் கொடுத்தார்.

கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்திருக்கும். அதனால் இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978-இல் கொலம்பியா நாட்டு டாக்டர்கள் இதைத் தொடங்கினார்கள். அங்கே குழந்தைகளைச் சூடாக வைக்கும் இயந்திரங்கள் போதவில்லை. தாயின் உடம்பையே பயன்படுத்தினார்கள். எடை குறைந்த குழந்தைக்கு இது மிக நல்லது. இதற்குக் காசு வேண்டாம்.

நீங்களும் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் சில்லென்றால் உடனே நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுங்கள். வயிறும் சில்லென்றால் ஆபத்து. அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூடிய அறையில் கரிச்சட்டி வைக்காதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். கோடையில் போர்வை போட்டு அமுக்கவும் கூடாது.

குளியலுக்கு என்ன அவசரம்? பிறந்த அன்று எந்தக் குழந்தையையும் குளிப்பாட்ட வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எடை குறைந்த குழந்தை என்றால் இன்னும் பல நாள் பொறுக்க வேண்டும். எப்போது குளிப்பாட்டலாம் என்று நர்ஸைக் கேளுங்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். முதலில் வரும் மஞ்சள் நிறப் பாலைப் பீச்சிக் கொட்டாதீர்கள். நோயைத் தடுக்கும் சத்து அதில் இருக்கிறது. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தொப்புளில் எதையும் பூசாதீர்கள்.

ஆஷா அக்கா டாக்டர் அல்ல. அவர் செய்தது பெரிய வைத்தியமும் அல்ல. கிராமத்துப் பெண்களால் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்று மகாராஷ்டிராவில் காட்டினார்கள். அங்கே கட்சிரோலி என்று ஒரு மாவட்டம் உண்டு. காடு நிறைந்த இடம். அங்கே 1990-களில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். குழந்தையை எடை போட்டார்கள். மூச்சை எண்ணினார்கள். சின்னக் குழந்தைகளைத் துணிப்பையில் வைத்துச் சூடாகப் பாதுகாத்தார்கள். நோய் வந்தால் மருந்தும் கொடுத்தார்கள்.

முன்பு அங்கே 1000 குழந்தை பிறந்தால், முதல் 28 நாளுக்குள் 62 குழந்தைகள் இறந்தன. சில ஆண்டுகளில் அது சுமார் 25 ஆகக் குறைந்தது. 1999-இல் ஒரு பெரிய மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. 2011-இல் நம் அரசு இந்த வேலையை ஆஷாக்களிடம் கொடுத்தது.

குழந்தை பால் குடிக்கவில்லையா? நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுகிறதா? நெஞ்சு உள்ளே குழிகிறதா? வலிப்பு, காய்ச்சல், தொப்புளில் சீழ் இருக்கிறதா? உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை பிறந்திருக்கிறதா? பிறந்த தேதியையும் எடையையும் நோட்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்தால் முதல் நாளும் வர வேண்டும். அந்த நாட்கள் எந்தத் தேதியில் வருகின்றன? கணக்குப் போட்டு எழுதுங்கள். அந்தத் தேதியில் யாரும் வரவில்லை என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.