எனக்கென்று ஒரு நோட்டு: புள்ளி வைத்து எழுதப் பழகுவோம்



குழுவில் எத்தனை நோட்டு இருக்கிறது என்று கேட்டால் நம்ம பிரதிநிதிகள் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பொதுப் பேரேடு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே நோட்டு எழுதும் பழக்கம் நம்மோடு வந்திருக்கிறது. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. இன்றைக்கும் ஒரு குழு தரமானதா என்று பார்க்க பஞ்ச சூத்திரம் என்று ஐந்து விதிகளைச் சொல்கிறோம்: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, சரியான கணக்குப் பதிவேடு. ஆக, குழுவுக்கு நோட்டு இல்லாமல் வங்கிப் படி ஏற முடியாது.

சரி, அந்தக் குழுவில் இருக்கும் உங்களுக்கென்று ஒரு நோட்டு இருக்கிறதா? இதைக் கேட்டால் எல்லாக் கூட்டத்திலும் முதலில் சிரிப்புதான் வருகிறது. "எனக்கெதுக்குங்க நோட்டு, நான் என்ன ஆபீசுக்கா போறேன்?" என்கிறார்கள்.

ஆபீசுக்குப் போகிறவருக்குக் கூட இவ்வளவு நினைவில் வைக்க வேண்டியிருக்காது. பைக்காராவில் ஒரு உறுப்பினரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். இலை பறிக்கப் போன நாட்கள் எத்தனை, எத்தனை கிலோ எடை போட்டார்கள், கேஸ் புக் பண்ணியாச்சா, மகனுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு சாதிச் சான்றிதழ், மாமியாரின் பிரஷர் மாத்திரை தீரும் தேதி, குழுச் சந்தா, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மொய், போட் ஹவுஸ் பக்கம் கடை போடுகிறவர் என்றால் யாருக்கு எவ்வளவு பாக்கி. இத்தனையும் தலைக்குள்ளேயே கிடக்கிறது. ராத்திரி படுத்தால் ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது. காலையில் எழுந்தால் பாதி மறந்துபோகிறது. மறந்துபோகிற பாதி எது என்று கவனித்துப் பாருங்கள். மகனின் சான்றிதழோ மாமியாரின் மாத்திரையோ அல்ல. அதையெல்லாம் ஞாபகப்படுத்த வீட்டில் ஆள் இருக்கிறது. மறப்பது நம்முடைய சொந்த வேலை.

இதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது. அமெரிக்காவில் ரைடர் கேரல் என்பவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு விஷயத்தில் கவனத்தை நிறுத்த முடியாத சிரமம் இருந்தது. அதைச் சமாளிக்கப் பல வருடம் தனக்குத்தானே ஒரு நோட்டு முறையைச் செய்து பார்த்து, 2013-ல் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2018-ல் புத்தகமாகவும் எழுதினார். அதன் பெயர் புல்லட் ஜர்னல். புல்லட் என்றதும் துப்பாக்கி ஞாபகம் வரவேண்டாம். வரிக்கு முன்னால் வைக்கும் புள்ளிக்குத்தான் அந்தப் பெயர். நாம் புள்ளி நோட்டு என்றே சொல்வோம். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் கைக்கு இது கஷ்டமில்லை.

இதைச் செய்கிறவர்கள் சிலர் கலர் பேனா, ஸ்டிக்கர், ஓவியம் என்று அலங்காரம் செய்கிறார்கள். அது அவரவர் ஆசை. நமக்கு ஒரு சாதா நோட்டும் ஒரு பேனாவும் போதும். பிள்ளைகளின் பழைய நோட்டில் கடைசியில் மிச்சமிருக்கும் வெற்றுத் தாள்களைத் தைத்துக்கொண்டாலும் சரிதான்.

முதலில் எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். முதல் இரண்டு பக்கத்தைக் காலியாக விடுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பிறகு அங்கே எழுதிக்கொள்ளலாம். அடுத்த நான்கு பக்கம் வருடத்துக்கு. ஒரு பக்கத்தில் மூன்று மாதம் வீதம் கட்டம் பிரித்து, வரப்போவது தெரிந்ததையெல்லாம் அதில் போடுங்கள். நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஏப்ரல், மே சீசன் என்றால் கடைக்காரர்களுக்குக் கையில் காசு புழங்கும். ஜூனில் பள்ளி திறக்கும், அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இலை கருகும், கூலி நாள் குறையும். இவை நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பவைதான். ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிச் செலவு திடீரென்று வந்தது போலக் கடனுக்கு ஓடுகிறோம். வருடப் பக்கத்தில் ஜூன் கட்டத்தில் "பள்ளிச் செலவு 6,000" என்று டிசம்பரிலேயே எழுதியிருந்தால், மே வரை ஆறு மாதம் மாதம் ஆயிரம் என்று கணக்கு தானாகக் கண்ணில் படும். பனி மாதத்தில் ஐநூறுதான் முடியும், சீசனில் கூடப் போடலாம் என்று மாற்றிக்கொள்ளவும் தோன்றும்.

பிறகு மாதப் பக்கம். இடது பக்கம் 1 முதல் 31 வரை தேதி. குழுக் கூட்டம், தவணை நாள், ஆஸ்பத்திரி நாள் அதில் வரட்டும். வலது பக்கம் அந்த மாதம் முடிக்க நினைக்கும் வேலைகள். அதற்கடுத்து தினப் பக்கம். தேதி போட்டு அன்றையதை ஒவ்வொரு வரியாகச் சுருக்கமாக எழுத வேண்டியது. கதை எழுத வேண்டாம், வரிக்கு நாலு வார்த்தை போதும். குறிகள் இவைதான்: செய்ய வேண்டிய வேலைக்குப் புள்ளி. கூட்டம், விசேஷம் போன்றவற்றுக்குச் சின்ன வட்டம். ஞாபகத்துக்கான குறிப்பு என்றால் சிறு கோடு. வேலை முடிந்தால் புள்ளியின் மேலேயே பெருக்கல் குறி. முடியாமல் தள்ளிப்போனால் அம்புக்குறி. இனி வேண்டாம் என்று விட்டால் வரியையே அடித்துவிடலாம்.

ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்:

செவ்வாய், 14
× சந்தா கட்ட
○ மாலை 4 மணி குழுக் கூட்டம்
– இலை 23 கிலோ, சீட்டு வாங்கியாச்சு
× கேஸ் புக் பண்ண
→ தைராய்டு டெஸ்டுக்கு ஊட்டி போக

மூன்றாவது வரியைப் பாருங்கள். இலை எடையைத் தினமும் ஒரு வரியில் குறித்து வந்தால், மாதக் கடைசியில் கணக்குச் சீட்டு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். "குறைச்சலா இருக்கிற மாதிரி தோணுது" என்று சொல்வதற்கும், "14-ஆம் தேதி 23 கிலோ, இதோ எழுதியிருக்கேன்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. சொந்தமாக நாலு செடி வைத்து ஃபேக்டரிக்கு இலை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இனி கடைசி வரி. இந்த நோட்டில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்த அம்புக்குறிதான். மாதம் முடிந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டி, முடியாமல் நிற்கும் புள்ளிகளை எடுத்துப் புது மாதப் பக்கத்தில் மறுபடி கையால் எழுத வேண்டும் என்பது இந்த முறையின் விதி. திரும்ப எழுதுவது சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்பு வரட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எழுதக்கூடத் தோன்றவில்லை என்றால் அது நமக்கு அவசியமில்லாத வேலை, அடித்துவிடலாம். அவசியம் என்றால் மறுபடி எழுதுவோம். ஒரே வரியை மூன்றாவது மாதமும் எழுதுகிறோம் என்றால் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

உறுப்பினர்களோடு உட்கார்ந்து இப்படிப் பட்டியல் போடும்போது அம்புக்குறி விழும் வரிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. பல் வலி. கண்ணாடி. தைராய்டு டெஸ்ட். கர்ப்பப்பைப் பரிசோதனை. அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது. என் பேரில் தனியாக ஒரு சேமிப்பு. கேஸ் புக் பண்ணுவதில் அம்புக்குறி விழுவதே இல்லை! தள்ளிப்போவது நம் உடம்பும் நம் ஆசையும்தான். தலைக்குள் வைத்திருக்கும்போது "இந்த வாரம் முடியல" என்று ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்கிறோம். தாளில் மூன்று அம்புக்குறி வரிசையாக நிற்கும்போது அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் மூன்றாவது அம்புக்குறிக்குப் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு வரி எழுதுங்கள். பணம் இல்லையா? பஸ் நேரம் ஒத்துவரவில்லையா? கூட வர ஆள் இல்லையா? வீட்டில் விடவில்லையா? பயமா? காரணம் தெரிந்தால் வழி வேறாகும். பணம் என்றால் உள்கடன் கேட்கலாம். ஆள் இல்லை என்றால் அதே டெஸ்டைத் தள்ளிப்போடும் இன்னொருவர் குழுவிலேயே இருப்பார், இருவரும் ஒரே பஸ்ஸில் ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம். வீட்டில் விடவில்லை என்றால் அது ஒருத்தியாகத் தீர்க்கும் விஷயமில்லை. கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

"எனக்கு எழுதத் தெரியாதே" என்று சொல்லும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்சி நோபோனன் என்ற ஆய்வாளர் ஏழைப் பெண்களுக்காகவே படம் போட்ட நாட்குறிப்பு முறை ஒன்றை உருவாக்கினார். வடமாநிலங்களில் பிரதான் நிறுவனமும், நம்ம திருச்சியில் ஆசா நிறுவனமும் அதைப் பயன்படுத்தியவை. எழுத்தறியாத பெண்கள் படத்தைப் பார்த்துக் குறியிட்டு, போன முறை எப்படி இருந்தோம், இப்போது எப்படி இருக்கிறோம் என்று தாங்களே ஒப்பிட்டுக்கொண்டார்கள். வேறு யாரோ வந்து கேட்டு எழுதிப்போன சர்வே அல்ல அது. நம்ம பக்கத்துத் தோடர் சகோதரிகள் பூத்துக்குளியில் மாதிரித் தாள் எதுவும் இல்லாமல் நூலை எண்ணியே பூ வேலை செய்கிறார்கள். அந்தக் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புள்ளியும் அம்பும் ஒரு விஷயமா? மாத்திரைக்கு ஒரு வட்டம், பஸ்ஸுக்கு ஒரு பெட்டி என்று உங்களுக்குப் புரிகிற படம் போடுங்கள். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் இன்னும் நல்லது.

ஏனென்றால் இந்த நோட்டை யார் பார்ப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒளித்து வைத்த ஐநூறு ரூபாயை எழுதி வைத்தால் அது ஒளித்து வைத்ததாகாது. பங்களாதேஷ், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் 250-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஆய்வாளர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என ஒரு வருடம் எழுதினார்கள். 2009-ல் அது புத்தகமாக வந்தது. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வகையில் சேமிப்பும் இருந்தது, கடனும் இருந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தானே? அதையெல்லாம் வெளிப்படையாக எழுத முடியாத வீட்டில் இருப்பவர்கள் குறியாக எழுதுங்கள், அல்லது நோட்டைக் குழுப் பெட்டியில் வைத்துவிட்டுக் கூட்டத்தன்று எழுதுங்கள். ஏடிஎம் பின் நம்பர் மட்டும் எந்த நோட்டிலும் வேண்டாம். எங்களிடமும் காட்ட வேண்டியதில்லை. குழு நோட்டைத்தான் தணிக்கை செய்வோம், உங்கள் நோட்டை அல்ல.

நம்ம ஊர் மழைக்கு ஜெல் பேனா ஆகாது, ஈரம் பட்டால் ஊறிப்போகும். பால்பாயின்ட் பேனா அல்லது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். எழுத ஐந்து நிமிடம் போதும். அடுப்பில் டீ கொதிக்கும் நேரம் சிலருக்குச் சரிப்படும், கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சம் சிலருக்கு.

இடையில் நாலு நாள் விட்டுப்போகும். பத்து நாளும் போகும். விட்ட நாட்களுக்காகப் பக்கத்தைக் காலியாக விட்டு வைக்காதீர்கள். அதைப் பார்த்தாலே அடுத்த முறை எழுத மனசு வராது. கடைசி வரிக்குக் கீழேயே இன்றைய தேதியைப் போட்டு, ஒரு புள்ளி வைத்துத் தொடருங்கள்.