பரம்பரையாக வரும் தள்ளாட்டம்: தெரிந்துகொள்வோம்

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்பாதைப் பராமரிப்பில் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் அட்டப்பாடியில் அகளியில் குடியிருப்பவன். சென்ற மாதக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, என் வீட்டுக்காரருக்கும் அவர் தங்கைக்கும் நடை தள்ளாடுகிறது. மாமனாரும் அப்படித்தான் இருந்தாராம். என் பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கேட்டார். அதற்காகத் தேடிப் படித்ததை எல்லாக் குடும்பங்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன்.

நான் செய்த தவறு

பணியில் சேர்ந்த புதிதில் என் கீழ் ஒரு கீமேன் இருந்தார். சுத்தியலும் ஸ்பேனருமாக நாள்தோறும் பாதையைப் பார்த்து வருவது அவர் வேலை. நாற்பது வயதில் அவர் நடை தள்ளாடத் தொடங்கியது, பேச்சும் குழறியது. "காலையிலேயே போட்டுக்கொண்டு வருகிறார்" என்றார்கள் உடன் இருந்தவர்கள். அருகில் நிறுத்திப் பார்த்தேன். வாடை இல்லை. ஆனாலும் குடித்துவிட்டு வருகிறார் என்றே எழுதினேன். "எங்கப்பாவும் இப்படித்தான் நடந்தாருங்க ஐயா" என்றார் அவர். அப்பனும் குடிகாரன் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் பாதையிலிருந்து எடுத்தது சரி. குடிகாரர் என்று எழுதியது பெரும் தவறு. மருத்துவர் பார்க்க வேண்டியதை நான் முகர்ந்து பார்த்து முடிவு செய்தேன்.

பரம்பரையின் இரண்டு வழிகள்

அகளியில் 'சிக்கிள் செல்' என்றால் பலருக்கும் தெரியும். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் பக்கத்து நீலகிரியின் மலைவாழ் மக்களிடம் இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டறிந்தார்கள். அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களிலும் அது உண்டு. அது இரத்த நோய். ஆயினும் பரம்பரைக் கணக்கு விளங்க நல்ல உதாரணம்.

ஒவ்வொரு மரபணுவிலும் பெரும்பாலும் நமக்கு இரண்டு பிரதிகள்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சில நோய்களில் இரண்டும் பழுதானால்தான் நோய். இரட்டைப் பாதையில் ஒன்று அடைபட்டாலும் மற்றதில் வண்டி ஓடுகிறதல்லவா, அதுபோல. ஒரு பழுதை மட்டும் சுமப்பவர் பொதுவாக நலமாகவே இருப்பார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது வழியில் ஒரு பிரதி பழுதானாலே போதும். ஒரு பாதையில் கவிழ்ந்த பெட்டி பக்கத்துப் பாதையையும் மறிப்பது போன்றது இது. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை. பழுதைப் பெறாத பிள்ளை அதைத் தன் மக்களுக்குத் தராது.

ஏரிக்கரையில் கிடைத்த விடை

1872-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர், கைகால்கள் தாமாக ஆடி, மனமும் நலியும் ஒரு குடும்ப நோயை விவரித்தார். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் மிகுதி. தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்த நான்சி வெக்ஸ்லர் தம் குழுவினருடன் ஆண்டுதோறும் அங்கே சென்று, 18 ஆயிரம் பேருக்கு மேல் அடங்கிய வம்சாவளியைத் தொகுத்தார். அம்மக்கள் தந்த இரத்தத்தின் உதவியால் 1983-இல் 4-ஆம் குரோமோசோமில் அடையாளமும், 1993-இல் மரபணுவும் கிடைத்தன. தமக்கும் அந்நோய் இருப்பதை வெக்ஸ்லர் 2020-இல் வெளியிட்டார்.

பழுது என்ன? மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து, ஸ்லீப்பர் கட்டைகள் போல வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 26 வரை இருந்தால் இயல்பு. 40 அல்லது அதற்கு மேல் போனால் நோய் வந்தே தீரும். தலைமுறை மாறும்போது எண்ணிக்கை கூடலாம். அப்போது பிள்ளைக்குப் பெற்றோரைவிட இளவயதிலேயே நோய் தொடங்கலாம்.

நம் தமிழரிடையே

எஸ்.சி.ஏ. 1 என்ற நோயும் இதே வகைதான். அதன் மரபணுவும் 1993-இல் தெரிந்தது. சிறுமூளை கெட்டு நடை தள்ளாடும், பேச்சு குழறும், பிறகு விழுங்குவதும் கடினமாகும். தமிழ்ச் சமூகம் ஒன்றில் இந்நோய் மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் 2005-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் தெரிவித்தார்கள். ஆக, இது எங்கோ வெளிநாட்டில் உள்ள நோய் அல்ல. குடும்பச் சாபமும் அல்ல. மருமகள் வந்த நேரமும் அல்ல.

மருந்து உள்ள நோய்

இவற்றை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. கைகால் ஆட்டத்தைக் குறைக்க மருந்துகளும், நடைக்கும் பேச்சுக்கும் பயிற்சிகளும் உண்டு. ஆனால் வில்சன் நோய் என்று ஒன்று இருக்கிறது. முதல் வழியில் வருவது, 1912-இல் விவரிக்கப்பட்டது. செம்புச் சத்து உடலிலிருந்து வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடும். நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கை நடுங்கும், எழுத்து கோணும், குணம் மாறும். காலத்தே கண்டால் பெனிசிலமின், துத்தநாகம் முதலிய மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். மந்திரவாதியிடம் கழிக்கும் மாதங்களில் மூளை கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியவை

1. தள்ளாட்டமெல்லாம் பரம்பரை அல்ல. பி12 குறைவு, தைராய்டு போன்ற தீர்க்கக்கூடிய காரணங்களும் உண்டு. முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இதற்கென வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

2. மூன்று தலைமுறை வம்சாவளியை எழுதிக் கொண்டுபோங்கள். யாருக்கு, எந்த வயதில், எப்படித் தொடங்கியது என்று குறியுங்கள்.

3. வில்சன் நோய் உறுதியானால் உடன்பிறந்தோர் அனைவருக்கும் பரிசோதனை அவசியம்.

4. ஹண்டிங்டன் போன்ற நோய்களில், அறிகுறி இல்லாதவர் பரிசோதிப்பது அவரவர் விருப்பம். வயது வந்தபின், ஆலோசனை பெற்றுச் செய்ய வேண்டும். சிறுவர்களுக்குச் செய்விக்கக் கூடாது.

அந்த அம்மையாருக்கு என் விடை இதுதான்: முதலில் நோயின் பெயரை உறுதி செய்யுங்கள். இரண்டாம் வழி நோயே என்றாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு தப்பிப்பதற்கும் உண்டு. அதுவரை யாரையும் பழிக்க வேண்டாம்.

தள்ளாடி நடப்பவரைக் கண்டால் "உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேளுங்கள். அந்தக் கீமேன் நான் கேட்காமலே சொன்னார். எனக்குத்தான் காது கேட்கவில்லை.