வைத்தியத் தொழிலும் வர்த்தகர் பங்கும்

வியாபாரம், உத்தியோகம், கல்வித் தொழில் ஆகிய மூன்றையும் நாம் பல வேளைகளில் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். கடையைத் தந்தை மகனுக்கு விட்டுச் செல்லலாம். உத்தியோகத்தை மேலதிகாரி கொடுக்கலாம், எடுக்கவும் செய்யலாம். வைத்தியர், வழக்கறிஞர், கணக்காய்வாளர் ஆகியோரின் தொழில் அப்படிப்பட்டதன்று. அதனை அவரவர் கற்றுத் தேறியே அடைய வேண்டும்.

காரணம் என்ன? அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம்; துணியை விரித்துப் பார்க்கலாம். வைத்தியரின் அறிவை நோயாளி எப்படிச் சோதிப்பார்? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதைக் காக்கவே பரீட்சை, பதிவேடு, ஒழுக்க விதி ஆகிய மூன்றும் ஏற்பட்டன. பிரிட்டனில் வைத்திய சபையையும் வைத்தியர் பதிவேட்டையும் ஏற்படுத்திய சட்டம் 1858-ல்தான் வந்தது.

சிங்கப்பூரில் இத்தொழிலுக்கு வழி திறந்தவர்களுள் வர்த்தகர்கள் முன்னின்றனர் என்பதை நாம் மறக்கலாகாது. 1904-ல் சீன வர்த்தகர் டான் ஜியாக் கிம் தலைமையில் ஊர்ப் பிரமுகர்கள், வைத்தியப் பள்ளி வேண்டுமென்று கவர்னருக்கு மனுச் செய்தனர். 71,000 வெள்ளி திரட்டித் தாருங்கள் என்றார் அவர். திரண்டதோ 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் கொடுத்தது. 1905 ஜூலை 3-ந் தேதி பள்ளி திறக்கப்பட்டது. சேர்ந்த மாணவர் 23 பேர். 1910-ல் முதன்முதலாகத் தேறி வெளிவந்தோர் 7 பேர். 1916-ல் பிரிட்டிஷ் வைத்திய சபை அதன் பட்டத்தை அங்கீகரித்தது. 1949-ல் அது ராபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயா பல்கலைக்கழகமாயிற்று.

இதை நம் பேரேட்டுக் கண்கொண்டு பார்ப்போம். முதல் போட்டது 1905. முதல் வரவு 1910. இடைப்பட்ட ஐந்தாண்டும் செலவே. நம்மிற் பலர் தயங்குவதும் இங்கேதான். படிக்கும் பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்தால் அன்று மாலையே பலன் தெரிகிறது. பாடசாலைக்கு அனுப்பினால் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால், அந்த ஐந்தாண்டுப் பொறுமையின் பலனை இன்றுவரை எல்லாச் சமூகத்தாரும் அனுபவித்து வருகிறார்கள்.

அன்று பணம் கொடுத்தவர்கள் தம் பிள்ளைகளுக்கென்று மட்டும் கொடுக்கவில்லை. ஆகவே, மகனாயினும் மகளாயினும், படிக்கும் ஆர்வமுள்ள பிள்ளையின் படிப்பைக் கடைக்காக நிறுத்தாதிருப்போமாக. நம் கடைச் சிப்பந்தியின் பிள்ளைக்கும் அவ்விதமே கைகொடுப்போமாக.