கம்பியில்லாச் சங்கிலி வாள்

மரத்தை அறுப்பதற்கு மனிதன் கண்ட கருவிகள் பல. கோடரி வெட்டும், அரிவாள் கழிக்கும், வாள் அறுக்கும். பருத்த அடிமரத்தைத் துண்டாக்க வேண்டின், இருவர் இருபுறமும் அமர்ந்து, நீண்ட வாளை மாறிமாறி இழுப்பர். வியர்வை சொட்டச் சொட்ட இழுத்தாலும் ஒரு துண்டு விழுவதற்கு நெடுநேரம் ஆகும். அவ்வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் கருவியே சங்கிலி வாள். மக்கள் இதனைச் 'செயின்சா' என வழங்குகின்றனர். நீண்ட தகடு ஒன்றின் விளிம்பைச் சுற்றிப் பற்களையுடைய சங்கிலி ஓடுகின்றது. அத்தகட்டை அலகு என்று கூறுவோம். சங்கிலியை ஓட்டுவதற்குப் பெட்ரோல் பொறியோ மின்னோடியோ பின்புறத்தில் அமைந்திருக்கும்.

இக்கருவியின் வரலாறு வியப்பிற்குரியது. பற்கள் பதித்த சங்கிலியால் அறுக்கும் முறை முதன்முதலில் மரத்திற்காகத் தோன்றியதன்று, எலும்பிற்காகத் தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களாகிய ஜான் எயிட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் இருவரும் அறுவை மருத்துவத்திற்காகக் கையால் இழுக்கும் சிறு சங்கிலி வாளைப் பயன்படுத்தினர். மரம் அறுக்கும் மின்சாரச் சங்கிலி வாளை ஜெர்மனி நாட்டு ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926ஆம் ஆண்டில் அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 64 கிலோகிராம். இருவர் சேர்ந்தே அதனைத் தூக்க இயலும்.

அந்நாளைய சங்கிலியின் பற்கள் விரைவில் மழுங்கின. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளர், பட்டமரம் ஒன்றினுள் வண்டின் புழு ஒன்று துளைத்துச் செல்வதைக் கண்டார். கடினமான மரத்தை அப்புழு எளிதில் அரித்துச் சென்றது. அதன் தாடைகள் இரண்டும் வளைந்து, ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் மரத்தைச் சீவின. அவர் அதனை உற்றுநோக்கி, அவ்வாறே இடமும் வலமுமாக மாறிமாறிச் சீவும் பற்களையுடைய சங்கிலியைச் செய்தார். இன்று உலகெங்கும் சுழலும் சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்தவையே. கற்றோர் பலர் கூடி ஆராய்ந்தும் காணாததை ஒரு புழுவினிடம் கற்றுக்கொண்ட அம்மனிதரைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது.

மின்சாரத்தால் ஓடும் வாளுக்கு நீண்ட கம்பி தேவைப்பட்டது. தோப்பிலும் வயலிலும் கம்பியை இழுத்துச் செல்லுதல் எளிதன்று. வாளே தன் கம்பியை அறுத்துவிடுதலும் உண்டு. லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது. எடையிற் குறைந்து ஆற்றலில் மிகுந்த இம்மின்கலத்தை உருவாக்கிய ஆய்வுகளுக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. இன்று தோட்டக்காரரும் உழவரும் கையில் எடுத்துச் செல்லும் கம்பியில்லாச் சங்கிலி வாள் இம்மின்கலத்தாலேயே இயங்குகின்றது.

இதன் நன்மைகள் வெளிப்படை. புகை இல்லை, பெட்ரோல் மணம் இல்லை, கயிற்றை இழுத்து இழுத்துப் பொறியை எழுப்ப வேண்டுவதில்லை, அதிர்வும் குறைவு. ஆயினும் இந்நன்மைகளினூடே ஒரு தீமை மறைந்து நிற்கின்றது. பெட்ரோல் வாள் உறுமிக்கொண்டேயிருத்தலால் அருகில் வருவோர் அஞ்சி விலகுவர். மின்கல வாளோ, விசையை விட்டவுடன் ஓசையடங்கிக் கிடக்கும். பார்ப்போர்க்கு அஃது உறங்குவது போலத் தோன்றும். உண்மையில் அது விழித்தேயிருக்கின்றது. மின்கலம் உள்ளே இருக்கும் வரையில், விசை அழுத்தப்பட்ட அக்கணமே சங்கிலி முழுவேகத்தில் ஓடத் தொடங்கும். இதற்காகவே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலன்றி ஓடாதவாறு அமைத்துள்ளனர். எனினும் அவ்வமைப்பை நம்பிச் சங்கிலியில் விரலை வைத்தல் கூடாது. சங்கிலியை இறுக்குதல், பற்களைத் தீட்டுதல், சிக்கிய தூளை நீக்குதல், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தூக்கிச் செல்லுதல் ஆகிய எதனைச் செய்வதாயினும் முதலில் மின்கலத்தைக் கழற்றிவிடுதல் வேண்டும். ஒரு நொடியில் முடியும் இச்செயலைச் சோம்பலால் விடுத்து விரலை இழப்பது எத்துணை அறியாமை!

சங்கிலி வாளால் நேரும் இடர்களுள் கொடியது பின்னுதைப்பு ஆகும். அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. சங்கிலி அலகின் மேல் விளிம்பில் நம்மை விட்டு அகன்று ஓடுகின்றது. நுனியில் வளைந்து திரும்பி, கீழ் விளிம்பில் நம்மை நோக்கி வருகின்றது. ஆதலின், கீழ் விளிம்பால் அறுக்கும்போது வாள் மரத்தை நோக்கி இழுக்கப்படும். மேல் விளிம்பால் அறுக்கும்போது நம்மை நோக்கித் தள்ளப்படும். இவ்விரண்டையும் உறுதியாகப் பிடித்த கைகள் தாங்கிவிடும். ஆனால் நுனியின் மேற்பகுதி கிளையிலோ கட்டையிலோ பட்டுவிட்டால், அங்கு வளைந்து இறங்கும் பற்கள் மரத்தை ஒருங்கே கவ்விக்கொள்ளும். சங்கிலி ஓட இயலாது நிற்கவே, அதனை ஓட்டிய ஆற்றல் முழுவதும் அலகின் மீது திரும்பும். அலகு மேல்நோக்கியும் பின்நோக்கியும் வில்போல் எழுந்து, அறுப்பவர் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாயும். இவையனைத்தும் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கினுள் நடந்து முடிந்துவிடும். கண் கண்டு, மூளை அறிந்து, கை விலகுவதற்கு அவ்வளவு நேரம் போதாது. ஆகவே 'நான் விழிப்பாக இருப்பேன். பாய்ந்தால் விலகிக்கொள்வேன்' என்று எண்ணுவது பயனற்றது. விழிப்பு வேண்டுவது பாயும்போதன்று, வாளைப் பிடிக்கும்போதே.

இடக்கை முன்பிடியையும் வலக்கை பின்பிடியையும் பற்றுதல் வேண்டும். இடக்கைப் பெருவிரல் முன்பிடியின் கீழாக வளைந்து சுற்றியிருத்தல் முறை. பெருவிரலை மற்ற விரல்களோடு மேலே வைத்துப் பிடிப்பவரைப் பலகாலும் காண்கின்றோம். வாள் துள்ளும்போது அப்பிடி வழுவிவிடும். இடப்பழக்கம் உடையோரும் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும்; ஏனெனில் கருவி அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. அலகு ஓடும் கோட்டிற்கு நேரே தலையை வைத்துக் குனியலாகாது. சற்றே இடப்புறமாக விலகி நிற்றல் நலம். தோளின் உயரத்திற்கு மேல் வாளைத் தூக்கி அறுத்தலும், ஏணியின் மீதோ கிளையின் மீதோ நின்றுகொண்டு அறுத்தலும் ஒரு கையால் அறுத்தலும் உயிருக்கு உலை வைப்பனவாகும்.

முன்பிடிக்கு முன்னால் அகன்ற காப்பு ஒன்று உளது. வாள் பின்னுதைக்கும்போது அக்காப்பு முன்னோக்கிச் சாயும். சாய்ந்தவுடன் சங்கிலி நின்றுவிடும். இச்சங்கிலித்தடை 1970களில் பரவலாயிற்று. இது வந்தபின் காத்த உயிர்கள் பல. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன்னர் இத்தடை சரியாக வேலை செய்கின்றதா என்று ஓட்டிப் பார்த்தல் தக்கது. விலை மலிந்த சிறு வாள்கள் சிலவற்றில் இத்தடை இருப்பதில்லை. அவற்றை ஒரு கையால் பிடித்து முருங்கைக் கிளையையும் வேலியையும் கழிப்பவர், மற்றொரு கையால் அக்கிளையைப் பற்றியிருப்பர். அலகு சிறிதாயினும் அதன் பற்கள் சிறியனவல்ல என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

உடையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் தொங்கும் துண்டு, காலில் செருப்பு ஆகிய இவற்றோடு நம் ஊர்களில் மரம் அறுப்போர் பலர். ஓடும் சங்கிலி துண்டின் ஒரு நூலைப் பற்றினாலும் போதும். மற்றதை அதுவே இழுத்துக்கொள்ளும். வலைமுகமூடியுடன் கூடிய தலைக்கவசம், கண்ணாடி, செவிக்காப்பு, உறுதியான காலணி ஆகியன வேண்டும். மின்கல வாள் ஓசை குறைந்தது என்பது பெட்ரோல் வாளோடு ஒப்பிட்டுக் கூறுவதேயாகும். நெடுநேரம் கேட்கும் செவிக்கு அதுவும் தீங்கு செய்யும். வாளுக்கென நெய்த கால்சட்டைகளும் உள்ளன. அவற்றினுள் நீண்ட நார்கள் பல அடுக்காக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அந்நார்கள் வெளிப்பட்டுப் பற்களில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். ஆனால் பெட்ரோல் வாளை நிறுத்தும் நார்கள், மின்னோடியின் இடைவிடா விசையையும் அவ்வாறே நிறுத்திவிடும் என்று உறுதிகொள்ளலாகாது. எனவே கால்சட்டை அணிந்தோம் என்று காலருகே வாளை வீசுவது தகாது.

புயல் அடித்து ஓய்ந்த பின்னரே இக்கருவிக்கு மிகுந்த வேலை உண்டாகின்றது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல்லாண்டு வளர்த்த தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அகற்றினாலன்றி உணவும் குடிநீரும் ஊர்களுக்குச் செல்ல வழியில்லை. இத்தகைய வேளையில் விரைவு தேவை. விரைவினாலேயே இடரும் பெருகும்.

நிற்கும் மரத்தினும் வீழ்ந்த மரம் எளியது என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. வீழ்ந்த மரத்தினுள் வளைந்த வில்லின் ஆற்றல் அடங்கிக் கிடக்கும். இரு முனைகளும் மேட்டில் தங்கி நடுவே தொங்கும் மரத்தை நோக்குங்கள். அதன் மேற்புறம் நெருக்குண்டிருக்கும், அடிப்புறம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே முழுவதும் அறுத்தால், வெட்டுவாய் மூடிக்கொண்டு அலகைக் கவ்விவிடும். ஆகவே முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்களவு அறுத்து, பின்னர் அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்து முடிப்பர். ஒரு முனை மட்டும் தாங்கப்பெற்று மறுமுனை வெளியே நீண்டு நிற்குமாயின், நிலை தலைகீழாகும். அப்போது முதல் வெட்டு அடியிலும் இரண்டாம் வெட்டு மேலிலும் அமைதல் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கண்டறிந்த பின்னரே வாளை இயக்க வேண்டும். மற்றொரு மரத்தின் கீழ் அகப்பட்டு வளைந்து நிற்கும் இளங்கிளைகள் இன்னும் கொடியன. அறுபட்ட உடனே அவை சாட்டைபோல் வீசும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் மற்றுமோர் இடர் உண்டு. தூங்குமூஞ்சி, வேம்பு முதலிய மரங்கள் சாயும்போது வேர்த்தொகுதி மண்ணோடு பெயர்ந்து சுவர்போல் எழுந்து நிற்கும். அதன் அடியில் பெரும்பள்ளம் தோன்றும். சிறுவர்க்கு அப்பள்ளம் ஒளிந்து விளையாட ஏற்ற இடமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அடிமரத்தை அறுத்து நீக்கியவுடன், பாரம் நீங்கிய வேர்த்தொகுதி திடுமென நிமிர்ந்து, முன்னிருந்த குழியிலேயே விழக்கூடும். உள்ளே இருப்பவர் அதனடியில் புதைந்துபோவர். ஆதலின், அறுக்குமுன் பள்ளத்தை எட்டிப் பார்த்தல் அறுப்பவர் கடமை. பள்ளத்தின் அருகே செல்லாதிருத்தல் மாணவர்களாகிய உங்கள் கடமை. வயது நிரம்பாத நீங்கள் இவ்வாளை இயக்கலாகாது. ஆயினும் அருகில் நின்று வேடிக்கை பார்ப்போர் நீங்களே ஆதலின் இதனை உங்கட்கே சொல்ல வேண்டியுள்ளது. நிற்கும் மரத்தை வீழ்த்தும் இடத்தினின்று, அம்மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவேனும் விலகி நிற்றல் வேண்டும். அறுப்பவரைப் பின்னாலிருந்து தொட்டு அழைக்கலாகாது. செவிக்காப்பு அணிந்த அவர்க்கு உங்கள் குரல் கேளாது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினால் வாளும் உடன் திரும்பும். அவர் கண்ணிற்படும் இடத்தில், தொலைவில் நின்று கையசைத்தலே முறை. மின்கம்பியின் மீது சாய்ந்த மரத்தை எவரும் தொடலாகாது. மின்வாரியத்தார் வந்து மின்னோட்டத்தை நிறுத்தியதாக உறுதி கூறும் வரையில் காத்திருத்தல் வேண்டும்.

தென்னையை அறுப்போர் ஒன்றை அறிவர். அதன் புறப்பகுதி மிகக் கடியது, உட்பகுதி மென்மையானது. அதனால் வாள் தொடக்கத்தில் தயங்கி, பின்னர்ச் சரேலென உள்ளே இறங்கும். கடின நார் பற்களையும் விரைவில் மழுக்கும். பல் கூர்மையாக இருப்பின் வெட்டுவாயினின்று சீவல்கள் உதிரும். மழுங்கியிருப்பின் மெல்லிய தூளே வரும். தூளைக் கண்டவுடன் நிறுத்திப் பல்லை அரத்தால் தீட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்யாது உடல் வலிமையால் அழுத்துவோர்க்கே கை தளர்ந்து வாள் வழுவுகின்றது.

சங்கிலி தளர்ந்திருப்பின் அலகினின்று கழன்று வீசும். மின்னோடியால் இயங்குவதாயினும் அலகிற்கும் சங்கிலிக்கும் எண்ணெய் வேண்டும். கலத்தில் அஃது உள்ளதா என்று பார்த்த பின்னரே தொடங்குதல் நன்று. மின்கலத்தை வெயிலில் வைத்தோ மழையில் நனைத்தோ மின்னேற்றுதல் கூடாது. சாவி, நாணயம் முதலிய உலோகப் பொருள்களோடு அதனைச் சேர்த்து வைத்தால், முனைகள் இணைந்து தீப்பற்ற இடமுண்டு. வீங்கியதும் விரிசல் கண்டதுமான மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. வேலை முடிந்தபின் மின்கலத்தை வேறாகவும், உறையிட்ட வாளை வேறாகவும் சிறுவர் எட்டாத உயரத்தில் வைப்பர். ஆயுள் முடிந்த மின்கலத்தைக் குப்பையில் எறியாமல், அதனை விற்ற கடையிலோ சேகரிக்கும் இடத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். அவற்றைத் திரும்பப் பெறுதல் உற்பத்தி செய்வோர் பொறுப்பு என இந்திய அரசின் 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன.