அண்ணன் சம்மதிக்காத நிக்காஹ் செல்லுமா?

கேள்வி: அப்பாவும் வாப்பிச்சாவும் (அப்பாவின் அப்பா) இல்லை. அண்ணன் சம்மதிக்காததால், என் 23 வயதில் குற்றாலத்தில் பெரியம்மா வீட்டில் வைத்து நிக்காஹ் நடந்தது. தாய்மாமா வலியாக (மணப்பெண்ணின் பொறுப்பாளராக) நின்றார். மஹர் பேசி, இரண்டு சாட்சிகள் முன்னால் ஹஜ்ரத் நடத்திவைத்தார். பள்ளிவாசல் தஃப்தரிலும் எழுதவில்லை, சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியவில்லை. ஐந்து வருடமாகிறது, மகன் இருக்கிறான். “நான்தான் வலி, நான் இல்லாத நிக்காஹ் செல்லாது” என்கிறார் அண்ணன். உண்மையா?
– வாசகி, தென்காசி

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி. ஒருவர் கேட்டு மற்றவர் ஏற்றிருக்கிறீர்கள், சாட்சிகள் இருந்திருக்கிறார்கள், மஹரும் பேசியாயிற்று. காஜி வந்தே ஆகவேண்டும் என்றுகூட 1880-ஆம் ஆண்டு காஜிகள் சட்டம் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் பதியாத ஒரே காரணத்தால் திருமணம் செல்லாமல் போகாது.

முறைப்படி தாய்மாமாவைவிட அண்ணனே வலி என்பது சரிதான். ஷாஃபி மத்ஹபில் வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஹனஃபியில் வயதுவந்த, தெளிந்த புத்தியுள்ள பெண் தன் நிக்காஹைத் தானே முடித்துக்கொள்ளலாம். ராவுத்தர் குடும்பம் என்றால் பெரும்பாலும் ஹனஃபிதான். அண்ணன் வாதம் அங்கே நிற்காது. ஷாஃபி என்றால் சிக்கல் கூடும். ஆனாலும் ஷாஃபி குடும்பத்துப் பெண் ஹனஃபி முறையை ஏற்று, தந்தை சம்மதமின்றிச் செய்துகொண்ட திருமணத்தை பம்பாய் உயர்நீதிமன்றம் 1864-லேயே ஏற்றிருக்கிறது.

எனக்குக் கவலை சாட்சியம்தான். ஹஜ்ரத்திடமும் சாட்சிகளிடமும் இப்போதே நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். சாட்சி வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடலாம். மகனின் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, நிக்காஹ் போட்டோக்களைச் சேர்த்துவையுங்கள். நெடுநாள் கணவன் மனைவியாக வாழ்ந்ததை வைத்தே நீதிமன்றம் திருமணத்தை அனுமானிக்கலாம். ஜமாஅத்திடம் தஃப்தரில் எழுதித்தரக் கேளுங்கள். தேதியை மட்டும் மாற்றி எழுத ஒப்பாதீர்கள், பொய்த் தேதி உண்மையான நிக்காஹையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

2009 சட்டப்படி பதிய 90 நாள், தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள், அது கடந்துவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவில் பதியலாம் என்பார்கள். பதியலாம்தான். ஆனால் பதிந்தபின் உங்கள் சொத்துக்கு ஷரீஅத் பங்குமுறை போய், இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். இருவரும் உட்கார்ந்து பேசாமல் அதில் கையெழுத்திட வேண்டாம். அண்ணன் பிரச்சினையை வளர்த்தால், திருமணம் செல்லும் என அறிவிக்கக் கோரி குடும்ப நீதிமன்றத்தில் நீங்களே மனு போடலாம்.