ஊர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

சமூகப் பணி படித்துவிட்டு வருகிறவர்களும், தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்கிறவர்களும், மகளிர் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்து வருகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" பயிற்சிக் கையேட்டில் உள்ளதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

1. கடைசித் தெருவில் ஆரம்பியுங்கள்.

ஜீப் போய் நிற்பது கோயில் முன்னால்தான். நாற்காலி வரும், டீ வரும். முதலில் பேச வருகிறவர் கிணறும் பட்டாவும் உள்ளவராக இருப்பார். அவர் பொய் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரிந்த ஊரைச் சொல்வார். கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போடும் பயிற்சியைக் கோயில் வாசலிலேயே முடித்துவிட்டுக் கிளம்பும் ஆட்கள் உண்டு. அதே வரைபடத்தைக் காலனியிலும் ஒரு தடவை போடச் சொல்லிப் பாருங்கள். கோயில் வாசலில் போட்டதில் சுடுகாட்டுக்குப் பாதையே இருக்காது. காலனிப் பெண்கள் போடும்போது அந்தப் பாதை யாருடைய வயல் வழியாகப் போகிறது, எந்த மாதம் அங்கே தண்ணீர் நிற்கும், பிணத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வரப்பில் நடக்க வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிடும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஊரில் உங்களுக்கு என்ன வேலை என்பது அதில் தெரியும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போன குடும்பமாக இருக்கும். கணக்கெடுப்பு நடக்கிற அன்று அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், அதனால் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். 2005-ல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் மிக ஏழைகள் யார் என்று ஊராரே பட்டியல் போட்டு, கிராம சபையில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் பூட்டிய வீட்டுக்காரர் பெயரை யாராவது ஒருவர் எழுந்து சொன்னால்தான் உண்டு.

2. எந்த மாதம் கஷ்டம் என்று கேளுங்கள்.

மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ஏதோ ஒரு தொகையைச் சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் எல்லா மாதமும் ஒன்றல்ல. அறுப்பு முடிந்த கையோடு தையிலும் மாசியிலும் கொஞ்சம் காசு புழங்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டும் பையும் வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காட்டில் வேலை இருக்காது, விறகு நனைந்திருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கம்மல் அடகுக் கடைக்குப் போவதும், தண்டல்காரர் வாசலுக்கு வருவதும் அந்த மாதங்களில்தான்.

தண்டல் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 1,000 ரூபாய் என்று பேசி, 100 பிடித்துக்கொண்டு 900 கையில் தருவார். நாளுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'நூத்துக்குப் பத்துதானே' என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் ஒரு பெண் தண்டல்காரரிடம் போகிறாள் என்றால் கணக்குத் தெரியாமல் இல்லை. அவர் காலை ஆறு மணிக்குக் காகிதம் கேட்காமல் பணம் தருகிறார். நம் மகளிர் குழு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தருகிறேன் என்கிறது. ஜூனுக்கும் ஐப்பசிக்கும் என்று உள்கடனில் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, கேட்ட அன்றே கொடுக்கச் சொல்லுங்கள். 2,000 ரூபாய் அந்த நேரத்தில் செய்வதை, மார்ச்சில் வரும் பெரிய கடன் செய்யாது.

3. பாஸ்புக் யார் வீட்டில் இருக்கிறது?

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1989-ல் ஐஃபாட் எனும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது. இன்று குழு இல்லாத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும். இத்தனை வளர்ந்த பிறகும் ஒரு குழு உயிரோடு இருக்கிறதா என்று அறிய நான் வங்கி இருப்பைப் பார்ப்பதில்லை. உறுப்பினர்களின் பாஸ்புக்கெல்லாம் குழுவை நடத்தும் ஊக்குநர் வீட்டில் ஒரே மஞ்சப்பையில் கட்டி வைத்திருந்தால், அந்தக் குழு ஒருவருடையது. அவரவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால் எல்லோருடையது. கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "உங்க கடன் பாக்கி எவ்வளவுக்கா?" என்று கேளுங்கள். நோட்டைப் பார்க்காமல் சொன்னால் கவலை இல்லை. "அது அவுங்களுக்குத்தான் தெரியும்" என்று ஊக்குநரைக் கை காட்டினால், நீங்கள் மறுபடி முதலிலிருந்து வேலை பார்க்க வேண்டும்.

தீர்மான நோட்டை ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் மாறி மாறி வரட்டும். மாறச் சொன்னால் கோபம் வரும், வந்தால் வரட்டும்.

இன்னொன்று. மார்ச் மாதம் இலக்கு, இலக்கு என்று மேலே இருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அந்த நெருக்கடியில் ஒருத்திக்குக் கடன் வாங்கித் தருவதற்கு முன், அவளுக்கு ஏற்கெனவே எத்தனை தவணை ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் இரண்டு, நகைக்கடன் ஒன்று, தண்டல் ஒன்று என்று இருக்கும். குழுக் கடனை எடுத்து அந்தத் தவணையைக் கட்டுவாள். நூற்றுக்கு நூறு வசூல் என்று அறிக்கையில் அழகாக வரும். அடகுக் கடை ரசீது அறிக்கையில் வராது.

4. எல்லோருக்கும் தையல் மெஷின் வேண்டாம்.

நூற்றைம்பது வீடு உள்ள ஊரில் இருபது பேருக்குத் தையல் பயிற்சி கொடுத்தால், யார் ஜாக்கெட்டை யார் தைப்பது? பினாயிலும் மெழுகுவத்தியும் அப்படித்தான். கண்காட்சியில் அதிகாரிகள் வாங்கிப் போனதோடு சரி.

ஆடு பரவாயில்லை. 2011-ல் அரசே நிலமற்ற குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் ஆடு கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். மேய்ச்சல் நிலம் இருக்கிறதா, சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கிறதா? துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் ஊசி போடக் கால்நடை மருந்தகம் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா? யார் மேய்ப்பது? கடைசிக் கேள்விக்கு "பொண்ணு பாத்துக்குவா" என்று பதில் வந்தால், அந்தப் பெண் எத்தனையாவது படிக்கிறாள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

5. மனுவை அவர்களே கொடுக்கட்டும்.

பாதிக் கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது. இருளர் வீட்டுப் பிள்ளை பத்தாவது தேறியும், பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் நின்றுபோவதை விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கம் இன்றும் பார்க்கலாம். அந்தச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அப்பாவுக்கே சான்று இல்லையென்றால் அலைச்சல் இரட்டிப்பு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டமும், ஆண்டுக்கொரு முறை வரும் ஜமாபந்தியும் எதற்கு இருக்கின்றன என்று சொல்லிக்கொடுங்கள். கூடப் போங்கள், ஆனால் பேசாதீர்கள். நீங்கள் பேசினால் வேலை சீக்கிரம் முடியும், அடுத்த மனுவுக்கும் உங்களையே தேடி வருவார்கள். ரசீது வாங்காமல் திரும்பாதே என்பதை மட்டும் பழக்கிவிடுங்கள்.

6. தலைவர் வீட்டிலேயே தினமும் சாப்பிடாதீர்கள்.

காரணம் சொல்லத் தேவையில்லை.

7. ஊருக்குத் தலைவி ஏற்கெனவே இருப்பாள்.

மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவுக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. களஞ்சியம் மகளிர் குழு இயக்கத்தில் அவர் பெயர் வெளியே தெரியும் முன்பே, களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் கூலி பேசி வாங்கித் தந்தவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அப்படிக் கூலி பேசுகிற ஒருத்தி உங்கள் ஊரிலும் இருப்பாள். நன்றாகப் படித்த, உங்கள் கூட்டத்துக்கு முதலில் வருகிற பெண் அவளாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

8. நிலத்தை மறக்காதீர்கள்.

கடன் கொடுத்தே வறுமையைப் போக்கலாம் என்பதை நான் நம்புவதில்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட, நிலமில்லாத விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். அதற்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் கீழத்தஞ்சையில் தங்கி, 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, பண்ணையாரிடம் விலை பேசி நிலம் வாங்கிக் கூலிக்காரப் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். தன் பெயரில் ஓர் ஏக்கர் உள்ளவள் கூலி பேசும் விதமே வேறு. உங்கள் திட்டத்தில் நிலத்துக்கு நிதி இருக்காது. வீட்டுமனைப் பட்டாவாவது பெண் பெயரில் வருகிறதா என்று பார்க்கத் திட்டம் எதுவும் தேவையில்லை.

9. கிராம சபையில் பின்வரிசையில் உட்காருங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் வீடு வீடாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கணக்கை நேர் செய்வதும் நடக்கும். குழுக்களின் கூட்டமைப்பில் முன்பே பேசி, ஒரே ஒரு கோரிக்கையோடு போகச் சொல்லுங்கள். அது சுடுகாட்டுப் பாதையாகவும் இருக்கலாம், குடிநீர்க் குழாயாகவும் இருக்கலாம். மைக் உங்கள் கைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். தீர்மானம் நோட்டில் ஏறி, அதை ஒருவர் உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.